பென் அண்ட் டெல்லர்: புல்ஷிட்!

பென் அண்ட் டெல்லர்: புல்ஷிட்! என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஷோடைம் என்னும் கட்டணத் தொலைக்காட்சியில் ஜனவரி 24, 2003 முதல் ஆகஸ்ட் 12, 2010 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் ஆகும். பென் ஜில்லெட், டெல்லர் என்னும் இரு மாயவித்தைக்காரர்கள் இதனை வழங்கினர். போலி அறிவியல், மூடநம்பிக்கை, மாற்று மருத்துவம், ஆராயாமல் ஏற்கப்பட்ட பொதுக் கருத்துகள் ஆகியவற்றை நகைச்சுவையின் துணையுடன் தோலுரித்துக் காட்டுவது இதன் நோக்கம். எட்டுப் பருவங்களில் 89 பகுதிகள் வெளிவந்தன. ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ அரைமணி நேரம் கொண்டது.

அறிவியலை எளிமையாக விளக்கும் நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியில் முன்பும் இருந்தன. ஒரு நம்பிக்கையை வைத்துப் பிழைப்பு நடத்துபவர்களையே அழைத்துப் பேசவிட்டு, அவர்கள் பேச்சைக் கொண்டே பார்வையாளர்களைச் சிரிக்கவைத்தது இத்தொடரின் தனித்தன்மை எனலாம். இத்தொடர் சாதித்தவற்றையும் சறுக்கியவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, சிரிப்பு எங்கே சான்றுக்குத் துணை நிற்கிறது, எங்கே சான்றின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது என்பது விளங்கும்.

பின்புலம்

போலிகளை அம்பலப்படுத்துவதில் மாயவித்தைக்காரர்களுக்கு நெடிய மரபு உண்டு. ஏமாற்றும் கலையைத் தொழிலாகக் கற்றவர்க்கே பிறர் ஏமாற்றும் விதம் எளிதில் புலப்படும். இயற்பியல் அறிஞர் ஒருவர் இயற்கையை ஆராய்ந்து பழகியவர். இயற்கை பொய் சொல்வதில்லை. மேடையில் கரண்டியை வளைப்பவர் அப்படியல்லர். ஆகவே ஆய்வாளர் கோட்டைவிட்ட இடங்களில் வித்தைக்காரர் உண்மையைக் கண்டுபிடித்த நிகழ்வுகள் பல.

1920களில் ஹாரி ஹூடினி, இறந்தோருடன் பேசுவதாகச் சொல்லிப் பணம் பறித்த ஆவியூடகர்களின் கூட்டங்களுக்குச் சென்று அவர்களது தந்திரங்களை வெளிப்படுத்தினார். 1926-ஆம் ஆண்டில், வாஷிங்டன் நகரில் கூலிக்குக் குறி சொல்வதைத் தடைசெய்யும் சட்டமுன்வடிவுக்கு ஆதரவாக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். அவ்வாண்டின் அக்டோபர் 31 அன்று அவர் இறந்தார்.

தொலைக்காட்சிக் காலத்தில் இம்மரபை ஏற்றவர் ஜேம்ஸ் ராண்டி (1928-2020). அவர் தொடர்பான இரு நிகழ்வுகள் இங்கே நோக்கத்தக்கவை. இரண்டும் ஜானி கார்சன் நடத்திய த டுநைட் ஷோ என்னும் இரவுநேர நகைச்சுவை நிகழ்ச்சியில் நடந்தவை. கார்சன் இளமையில் மாயவித்தைக்காரராக இருந்தவர்.

1973-இல், மனத்தின் ஆற்றலால் கரண்டிகளை வளைப்பதாகப் புகழ்பெற்றிருந்த யூரி கெல்லர் அந்நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டார். நிகழ்ச்சிக் குழுவினர் முன்கூட்டியே ராண்டியிடம் ஆலோசனை கேட்டனர். பொருள்களை நீங்களே கொண்டு வாருங்கள், நிகழ்ச்சிக்கு முன் கெல்லரோ அவருடைய ஆள்களோ அவற்றை நெருங்க விடாதீர்கள் என்பதே ராண்டி கூறிய அறிவுரை. அவ்வாறே செய்யப்பட்டது. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் கெல்லரால் எதையும் செய்ய இயலவில்லை. இன்று ஆற்றல் வரவில்லை என்று கூறிக்கொண்டிருந்தார். ஆயினும் அவரது புகழ் குன்றவில்லை. வேறு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு அவர் தொடர்ந்து அழைக்கப்பட்டார். வித்தைக்காரனாக இருந்தால் ஒவ்வொரு முறையும் வென்றிருப்பான், தோற்றதனாலேயே இவரது ஆற்றல் உண்மையானது என்று அவரை நம்பியவர்கள் வாதிட்டனர். கார்சன் அன்று கெல்லரைக் கேலி செய்யவில்லை, கண்ணியமாகக் காத்திருந்தார். கெல்லர் செய்து காட்டாததைப் பார்த்தவர்கள், அவர் வழக்கமாக அதை எவ்வாறு செய்கிறார் என்பதைப் பார்க்கவில்லை.

இரண்டாம் நிகழ்வு 1986-இல் நடந்தது. பீட்டர் போபாஃப் என்னும் மதப் பரப்புரையாளர், கூட்டத்தில் முன்பின் அறியாதவர்களின் பெயரையும் நோயையும் முகவரியையும் கடவுள் தமக்கு அறிவிப்பதாகக் கூறிக் குணமளிக்கும் கூட்டங்களை நடத்திவந்தார். ராண்டியின் குழுவினர் வானொலி அலை ஏற்பி ஒன்றைக் கொண்டுசென்று 39.17 மெகாஹெர்ட்ஸ் அலையில் வந்த குரலைப் பதிவு செய்தனர். அது போபாஃபின் மனைவியின் குரல். கூட்டத்தினர் எழுதிக் கொடுத்திருந்த வேண்டுதல் அட்டைகளில் இருந்த விவரங்களை, கணவரின் காதில் செருகியிருந்த சிறு கருவிக்கு அவர் வாசித்துக்கொண்டிருந்தார். போபாஃபின் கூட்டக் காட்சியுடன் அக்குரலையும் இணைத்து ராண்டி கார்சனின் நிகழ்ச்சியில் ஒளிபரப்பினார். அரங்கம் சிரித்தது. 1987-இல் போபாஃப் திவாலானார். பிற்காலத்தில் அவர் மீண்டும் தொலைக்காட்சியில் தோன்றி அதிசய ஊற்றுநீர் வழங்கத் தொடங்கியதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பென் ஜில்லெட்டும் டெல்லரும் ராண்டியைத் தம் முன்னோடியாகக் கொண்டவர்கள். 1975-ஆம் ஆண்டிலிருந்து இணைந்து மேடையேறிவரும் இவர்களில் பென் ஆறரை அடி உயரமானவர், இடைவிடாது பேசுபவர். குள்ளமான டெல்லர் மேடையில் வாய்திறப்பதில்லை. கிண்ணமும் பந்தும் என்னும் மிகப் பழைய வித்தையை இவர்கள் ஒளி ஊடுருவும் கிண்ணங்களைக் கொண்டு செய்து காட்டுவர். பந்து எங்கே போகிறது என்று எல்லோர்க்கும் தெரியும். இருந்தும் கண் ஏமாறும். பின்னாளில் தொலைக்காட்சியில் இவர்கள் செய்தது இதனுடைய நீட்சியே.

பெயர்

தொடரின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வசைச்சொல். காளைச் சாணம் என்பது அதன் நேர்ப்பொருள். புளுகு, பித்தலாட்டம், வெற்றுப்பேச்சு ஆகியவற்றைக் கலந்த பொருளில் வழங்குகிறது. இதற்கு ஒற்றைத் தமிழ்ச் சொல் அமைவது கடினம். மெய்யியலாளர் ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1986-இல் இச்சொல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அது 2005-இல் சிறு நூலாகவும் வெளிவந்தது. பொய்யன் உண்மையை அறிந்து அதை மறைக்கிறான், இச்சொல்லுக்கு உரியவனோ தான் சொல்வது உண்மையா பொய்யா என்பதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை என்பது அவர் செய்த வேறுபாடு. நாளிதழ்கள் சில தொலைக்காட்சி நிரல்களில் இப்பெயரை முழுமையாக அச்சிடாமல் எழுத்துகளை மறைத்தே வெளியிட்டன.

பெயர்த் தேர்வுக்குச் சட்டம் சார்ந்த காரணமும் உண்டு. முதற் பகுதியிலேயே பென் இதை விளக்கினார். ஒருவரைப் பொய்யர் என்றோ போலி மருத்துவர் என்றோ மோசடிக்காரர் என்றோ கூறினால், அது உண்மையா அல்லவா என்று நிறுவத்தக்க கூற்றாகிறது. அதன்மேல் அவதூறு வழக்குத் தொடர இடமுண்டு. வெறும் வசவோ, கேட்பவர் எவரும் செய்தியாக எடுத்துக்கொள்ளாத ஒன்று. ஆகவே நாகரிகமான சொல்லைக் காட்டிலும் கெட்ட வார்த்தையே பாதுகாப்பானது என்னும் வேடிக்கையான நிலை உருவாகிறது. கட்டணத் தொலைக்காட்சியாக இருந்ததால் ஷோடைமில் அத்தகைய சொற்களுக்குத் தடையில்லை. குழந்தைகளுடன் பார்க்கத் தகுந்த தொடராக இது அமையாமற் போனதற்கும் அதுவே காரணம்.

வடிவம்

வெள்ளைப் பின்னணியில் நின்று பென் பேசத் தொடங்குவார். பின்னர் அந்த நம்பிக்கையின் ஆதரவாளர்கள் தம் இல்லத்திலோ அலுவலகத்திலோ பேசும் நேர்காணல்கள் வரும். அறிஞர்களின் மறுப்புரை இடையிடையே வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். டெல்லர் பேசாமலேயே ஒரு பொருளைக் கருத்தோடு பொருத்திக் காட்டுவார். மறைத்துவைத்த படக்கருவியைக் கொண்டு செய்யப்படும் சிறு நாடகம் ஒன்று பெரும்பாலான பகுதிகளில் இருக்கும். தொடர் நினைவில் நிற்பது பெரிதும் இந்நாடகங்களால்தான்.

முதற் பகுதி ஹூடினியின் பழைய எதிரிகளான ஆவியூடகர்களைப் பற்றியது. மாற்று மருத்துவம், வேற்றுலகவாசிகள் கடத்தியதாகக் கூறுவோர், படைப்புவாதம், உளத்தொலைவுணர்வு எனப் பொருள்கள் விரிந்தன. 2005-இல் வெளிவந்த ஒரு பகுதி அன்னை தெரேசா, காந்தி, தலாய் லாமா ஆகியோரைச் சுற்றியுள்ள புனிதப் படிமத்தைக் கேள்விக்குள்ளாக்கியது.

புட்டிநீர்

முதற் பருவத்தில் (2003) வீட்டு அமைப்புக் கலையான பெங் சுயியும் புட்டிகளில் விற்கப்படும் குடிநீரும் ஒரே பகுதியில் எடுத்துக்கொள்ளப்பட்டன. பெங் சுயி வல்லுநர்கள் பலரை ஒரே வீட்டுக்குத் தனித்தனியே வரவழைத்தனர். ஒவ்வொருவரும் இருக்கைகளையும் கட்டிலையும் வெவ்வேறு விதமாக மாற்றியமைத்தனர். சாத்திரம் ஒன்றே எனில் விடையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அங்கே விளக்கம் தேவைப்படவில்லை.

தண்ணீர்ப் பகுதி இன்னும் புகழ்பெற்றது. உயர்தர உணவகம் ஒன்றில், மதுவகைகளைப் பரிந்துரைக்கும் பணியாளரைப் போல நடிகர் ஒருவர் தண்ணீர் வகைகளின் அட்டையுடன் மேசைக்கு மேசை சென்றார். அட்டையில் இருந்த பெயர்கள் தொலைதூர மலைகளையும் ஆறுகளையும் நினைவூட்டுபவை, விலையும் அதற்கேற்றது. அவற்றுள் ஒன்றின் பிரெஞ்சுப் பெயருக்குக் குழாய்நீர் என்றே பொருள். வாடிக்கையாளர்கள் ஒவ்வொன்றையும் சுவைத்து, இது மென்மையானது, இது புத்துணர்ச்சி தருவது என்று வேறுபடுத்திப் பாராட்டினர். உணவகத்தின் பின்புறத்தில், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஒரே ரப்பர் குழாயிலிருந்து எல்லாப் புட்டிகளும் நிரப்பப்படுவதை அடுத்த காட்சி காட்டியது.

இந்நாடகத்தைச் சுற்றி உறுதியான செய்திகளும் வைக்கப்பட்டிருந்தன. ஐக்கிய அமெரிக்காவில் நகரக் குழாய்நீரைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் புட்டிநீரை உணவு மற்றும் மருந்து நிருவாகமும் கண்காணிக்கின்றன. புட்டிநீரில் ஏறத்தாழ கால் பங்கு குழாய்நீரே என்று இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டிருந்தது. இங்கே நகைச்சுவையும் சோதனையும் ஒன்றாகவே அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. புட்டிநீர் சுவையால் வேறுபட்டது என்பதே விற்பவரின் கூற்று. நாடகம் சோதித்ததும் அதே கூற்றைத்தான். கட்டுப்பாட்டுடன் செய்த ஆய்வுக்கு இது ஈடாகாது. எனினும் பெயரும் விலையும் நாவின் தீர்ப்பை எவ்வளவு மாற்றும் என்பதை ஒரு நீண்ட கட்டுரையைக் காட்டிலும் இக்காட்சி தெளிவாக உணர்த்துகிறது.

தடுப்பூசி

எட்டாம் பருவத்தின் (2010) தடுப்பூசி பற்றிய பகுதி இத்தொடரில் மிகுதியாகப் பரவிய ஒன்று. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றோரும் 1998-இல் த லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்கும் என்ற அச்சம் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பரவியிருந்தது. பிப்ரவரி 2010-இல் அவ்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் வேக்ஃபீல்ட் பிரித்தானிய மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார்.

தொடரில் இதை மறுத்த முறை எளிமையானது. சிறு பொம்மைகள் கொண்ட இரு கூட்டங்கள் நிறுத்தப்பட்டன. ஒன்று தடுப்பூசி போட்ட குழந்தைகள், மற்றொன்று போடாத குழந்தைகள். தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஒரு பேச்சுக்கு உண்டாக்குவதாகவே வைத்துக்கொள்வோம் என்று பென் தொடங்குவார். அக்காலத்தில் கூறப்பட்ட 110-க்கு ஒன்று என்ற கணக்கின்படி தடுப்பூசிக் கூட்டத்தில் ஒரு பொம்மை சாய்க்கப்படும். பிறகு அக்கூட்டத்தின் முன் ஒளி ஊடுருவும் தடுப்பு ஒன்று வைக்கப்படும். போலியோ, தொண்டை அடைப்பான், தட்டம்மை எனத் தடுப்பூசிக்கு முற்பட்ட காலத்தில் குழந்தைகளைத் தாக்கிய நோய்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூறி இருவரும் இரு கூட்டத்தின் மீதும் பந்துகளை வீசுவர். தடுப்புக்குப் பின்னால் இருந்த கூட்டம் பெரும்பாலும் நின்றபடி இருக்கும். மற்றதில் பொம்மைகள் தரையெங்கும் கிடக்கும்.

எதிராளியின் கூற்றை ஒப்புக்கொண்டே அதைத் தோற்கடிக்கும் வாதமுறை இது. இதில் எவரும் இழிவுபடுத்தப்படவில்லை. குழந்தைக்கு ஊசி போடத் தயங்கும் தாய் தந்தையர் பார்த்தாலும் தம்மை முட்டாள் என்று சொன்னதாகக் கொள்ள மாட்டார்கள். தொடரின் பிற பகுதிகள் எல்லாவற்றையும் பற்றி இவ்வாறு கூற இயலாது.

பிழைகளும் விமர்சனமும்

பென்னும் டெல்லரும், தனிமனித வாழ்வில் அரசின் தலையீடு மிகக் குறைவாக இருத்தல் வேண்டும் என்னும் சுதந்திரவாதக் கொள்கையர். அக்கொள்கை சார்ந்த கேட்டோ நிறுவனத்தில் மதிப்புறு ஆய்வாளர்களாகவும் இருந்தனர். ஆவிகளையும் காந்தச் சிகிச்சையையும் கையாண்ட அதே தொனியில் மறுசுழற்சி, துப்பாக்கிக் கட்டுப்பாடு, புகைபிடித்தல் தடை போன்ற பொதுக்கொள்கைச் சிக்கல்களையும் தொடர் கையாண்டது. ஆவியூடகர் பொய் சொல்கிறார் என்பதற்கும் ஒரு சட்டம் தேவையற்றது என்பதற்கும் ஒரே வகையான சான்று போதாது. தொடரோ இரண்டையும் ஒரே சிரிப்பில் முடித்தது.

பெருந்தவறாக இன்று கருதப்படுவது, பிறர் விடும் புகையைப் பற்றிய 2003-ஆம் ஆண்டுப் பகுதி. அருகிலிருப்பவரின் புகையால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் அறிக்கை வெளியிட்டிருந்தது. 1998-இல் கூட்டரசு நீதிபதி ஒருவர் அவ்வறிக்கையின் முதன்மைப் பகுதிகளைச் செல்லாதென அறிவித்தார். தொடர் இத்தீர்ப்பைப் பெரிதாக நம்பி, அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று நகையாடியது. ஆனால் அத்தீர்ப்பு 2002-இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. 2006-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, பிறர் புகைக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என முடிவுரைத்தது. இங்கு ஏற்படக்கூடிய இழப்பு சிறியதன்று. உணவகப் பணியாளர்களைப் புகையிலிருந்து காக்கும் சட்டங்கள் பல நகரங்களில் விவாதிக்கப்பட்ட காலம் அது. புகையிலை நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டு வளர்த்த ஐயத்தை, அவர்களிடம் காசு வாங்காத நகைச்சுவையாளர்கள் இலவசமாகப் பரப்பினர்.

2000களின் நடுப்பகுதியில், ராண்டியின் அறக்கட்டளை நடத்திய ஐயுறவாளர் மாநாடு ஒன்றில், இப்பகுதி பெரும்பாலும் தவறாகவே இருக்கும் என்று பென் ஒப்புக்கொண்டார். புவி வெப்பமாதலைப் பற்றித் தொடரில் காட்டிய அலட்சியத்திலிருந்தும் அவர் பின்னாளில் விலகி, மனிதச் செயல்களே அதற்குக் காரணம் என்பதை ஏற்றார். தொடரின் தவறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தொடரின் பெயரையே அதன்மேல் சூட்டி, ஒரு பகுதி செய்ய வேண்டும் என்று இருவரும் விரும்பினர். அப்பகுதி எடுக்கப்படாமலேயே 2010-இல் தொடர் நின்றது.

முதற் பருவத்தின் சுற்றுச்சூழல் பற்றிய பகுதியில் இடம்பெற்ற நாடகம் ஒன்றும் விமர்சிக்கப்படுவதுண்டு. சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கூட்டமொன்றில் டைஹைட்ரசன் மோனாக்சைடு என்னும் வேதிப்பொருளைத் தடைசெய்யக் கோரி ஒரு பெண் கையொப்பம் திரட்டினார். ஆறுகளிலும் உணவிலும் கலந்துள்ளது, மிகையாக வியர்க்கச் செய்கிறது என்றெல்லாம் அவர் கூறிய அனைத்தும் உண்மை. பலரும் கையொப்பமிட்டனர். அவ்வேதிப்பொருள் தண்ணீர் ஆகும். 1990களிலிருந்தே வழங்கிவரும் பழைய வேடிக்கை இது. பார்க்கச் சுவையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் புட்டிநீர்க் காட்சியுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே சோதிக்கப்பட்டது கூற்று. இங்கே சோதிக்கப்பட்டவர்கள் மனிதர்கள். ஆராயாமல் கையொப்பமிடுவோர் எந்தக் கட்சியின் கூட்டத்திலும் உண்டு. காடு அழிகிறதா, காற்று மாசுபடுகிறதா என்ற வினாக்களுக்கு இக்காட்சியில் விடை ஏதும் இல்லை. ஆயினும் சிரித்து முடித்தவர், விடை கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்ள வாய்ப்பு மிகுதி.

நேர்காணல்களை வெட்டித் தொகுப்பதில் தொகுப்பாளர்க்கு உள்ள வல்லமையும் இவ்வாறே. எதிராளியின் நீண்ட பேச்சிலிருந்து ஒரு நொடித் தடுமாற்றத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. மாயவித்தையில் இதற்குக் கவனத்தைத் திருப்புதல் என்று பெயர்.

நகைச்சுவையின் பயன்

சிரிப்பு மக்களின் நம்பிக்கையை மாற்றுகிறதா என்பது தகவல்தொடர்பு ஆய்வாளர்கள் எழுப்பிவரும் வினா. ராபின் நாபியும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட கருத்தை மக்கள் கூர்ந்து கவனித்தனர். அதே நேரம் இது வேடிக்கைப் பேச்சுத்தானே என்று தள்ளியும் வைத்தனர். ஆனால் நாள்கள் சென்றபின், வேடிக்கை என்ற எண்ணம் தேய்ந்து கருத்து மட்டும் மனத்தில் தங்கி, அதன் தாக்கம் வளர்வதற்கான அறிகுறி காணப்பட்டது. சரியான கருத்துக்கு மட்டுமன்றித் தவறான கருத்துக்கும் இது பொருந்தும் என்பதைப் புகை பற்றிய பகுதியைப் பார்த்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தொடரால் எளிதில் மனம் மாறக்கூடியவர்கள், அந்நம்பிக்கையில் பணத்தையோ வாழ்வையோ ஏற்கெனவே முதலீடு செய்தவர்கள் அல்லர் என்றே தோன்றுகிறது. அப்படிச் செய்தவர்க்கு ஏளனம் சினத்தை மூட்டும். இன்னும் முடிவு செய்யாமல் இருப்பவர்க்கு, அடுத்த முறை கடையில் அழகிய புட்டியைக் கையில் எடுக்கும்போது ரப்பர் குழாய் நினைவுக்கு வரக்கூடும்.

பிற நிகழ்ச்சிகள்

மித்பஸ்டர்ஸ் என்னும் நிகழ்ச்சி இத்தொடருக்கு ஒருநாள் முன்னதாக, ஜனவரி 23, 2003 அன்று டிஸ்கவரி தொலைக்காட்சியில் தொடங்கியது. அதன் வழங்குநர்கள் எவரையும் ஏசவில்லை. செவிவழிக் கதைகளை வெடிமருந்தும் பொம்மை உடல்களும் கொண்டு நேரடியாகச் சோதித்தனர். பிரித்தானியாவில் மிட்செல், வெப் ஆகிய நகைச்சுவையாளர்கள் 2009-இல், ஓமியோபதி முறையில் இயங்கும் விபத்துச் சிகிச்சைப் பிரிவு எப்படியிருக்கும் என்று நடித்துக் காட்டினர். ஜான் ஆலிவர் தம் லாஸ்ட் வீக் டுநைட் நிகழ்ச்சியில் 2014-இல் தொலைக்காட்சி மருத்துவர் ஆசு விற்ற எடைக்குறைப்புக் கூற்றுகளையும், 2017-இல் தடுப்பூசி அச்சத்தையும் எடுத்துக்கொண்டார்.

2015 முதல் 2019 வரை ட்ரூடிவியில் வெளிவந்த ஆடம் ருயின்ஸ் எவ்ரிதிங் தொடரில், கூறப்படும் ஒவ்வொரு செய்திக்கும் உரிய ஆதாரம் திரையிலேயே எழுத்தில் காட்டப்பட்டது. அத்தொடர் தான் முன்பு செய்த தவறுகளைத் திருத்துவதற்கென்றே தனிப் பகுதியும் ஒளிபரப்பியது. பென்னும் டெல்லரும் 2011-இல் ஃபூல் அஸ் என்னும் புதிய நிகழ்ச்சியைப் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தொடங்கினர். அதில் பிற மாயவித்தைக்காரர்கள் இவர்கள் இருவரையும் ஏமாற்ற முயல்வர்.